மிதி மாறினால் வாத்தியம் மாறுமா?

பழைய வாத்தியம் ஒன்று பழுதுபார்க்க வரும்போது, அதைத் திறந்து பார்க்கிறவருக்கு இரண்டு கடமைகள் ஒரே நேரத்தில் வந்து சேர்கின்றன. செய்தவர் விட்டுச்சென்ற நிலையிலேயே அதைக் காப்பாற்ற வேண்டும் என்பது ஒன்று. இனி வாசிக்கப்போகிறவருக்கு அது முழுமையாக உதவ வேண்டும் என்பது இன்னொன்று. பெரும்பாலான உறுப்புகளில் இவை இரண்டும் மோதிக்கொள்வதில்லை. காலால் இயக்கும் உறுப்பில்தான் மோதல் கூர்மையாகிறது. காலின் அழுத்தத்தை ஓயாமல் தாங்குவதால் மிதி முதலில் தேய்கிறது. ஒருவருடைய கால் நீளம், கணுக்காலின் வளைவு, முழங்காலின் வலு ஆகியவற்றைப் பொறுத்தே அது பொருந்துவதும் பொருந்தாததும் அமைகிறது. அந்த மிதியைக் கழற்றி வேறொன்று வைக்கலாமா, இடம் மாற்றலாமா, மாற்றினால் அது அதே வாத்தியமாக இருக்குமா என்பதே இங்கே ஆராயப்படும் கேள்வி. மாற்றலாம் என்பது என் முடிவு. மிதி வாத்தியத்துக்கும் வாசிப்பவருக்கும் இடையில் நிற்கும் உறுப்பு. அதில் வாசிப்பவருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்த உரிமைக்கு எல்லையும் உண்டு. செய்த மாற்றத்தை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவேண்டும், செய்தது எழுதி வைக்கப்பட வேண்டும், ஒலி பிறக்கும் இடத்தைத் தொடக்கூடாது.

இந்தக் கேள்வியைக் கோவிந்தாபுரத்தை ஒட்டிய தமிழ்நாடு-கேரள எல்லை வட்டாரத்தில் நின்று பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது. பொள்ளாச்சியிலிருந்து கோவிந்தாபுரம் வழியாகக் கொல்லங்கோட்டுக்குச் செல்லும் சாலை தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் நிலத்தின் ஊடே போகிறது. கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காடு போகும் வழியில் பெருவெம்பு இருக்கிறது. மிருதங்கம், மத்தளம், செண்டை, இடக்கை எனத் தோல்வாத்தியங்கள் செய்யும் குடும்பங்கள் வாழும் ஊர். செம்பை வைத்தியநாத பாகவதரும் பாலக்காடு மணி ஐயரும் பாலக்காட்டு மாவட்டத்தின் பெயரைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார்கள். ஆர்மோனியத்தின் முன் அமர்ந்து மெட்டமைத்தே நம் நினைவில் நிற்கும் எம்.எஸ். விஸ்வநாதன் பிறந்த எலப்புள்ளியும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது. தமிழ் இசை நாடகக் கம்பெனிகள் மலையாள நாட்டுக்குப் போய் ஆடியதன் விளைவாகவே அங்கே சங்கீத நாடகம் என்ற வகை வேர்விட்டது. கே.சி. கேசவபிள்ளையின் ‘சதாராம’ தமிழ் நாடகத்தைத் தழுவி எழுந்தது. அந்த நாடகத்தோடு சேர்ந்து பரவிய வாத்தியம் கால் ஆர்மோனியம். மலையாளத்தில் அதைச் சவிட்டு ஹார்மோனியம் என்கிறார்கள். மிதி பற்றிய நம் விவாதத்துக்கு உள்ளூர்ச் சான்று அதுதான்.

ஆர்மோனியம் பிறந்தது ஐரோப்பாவில். பாரிஸைச் சேர்ந்த அலெக்சாந்தர் தெபேன் 1840களின் தொடக்கத்தில் அதற்குக் காப்புரிமை பெற்றார். மேசை போன்ற மரக்கூடு, மேலே கட்டைகள், கீழே இரண்டு மிதிகள், உள்ளே துருத்தியும் பித்தளை ரீடுகளும். மிஷனரிகளோடும் வெள்ளைக்கார அதிகாரிகளின் குடும்பங்களோடும் அது இந்தியாவுக்கு வந்தது. 1875இல் கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் அதைச் சுருக்கி, பின்பக்கத் துருத்தியை ஒரு கையால் அசைத்து மறுகையால் வாசிக்கும் பெட்டியாக்கினார். தரையில் உட்கார்ந்து பாடும் மரபுக்கும், ஒற்றை இழையாக ஓடும் ராக இசைக்கும் அது போதுமானதாக இருந்தது. நாடு முழுவதும் கைப்பெட்டியே பரவியது. ஆக, நம் நாட்டு ஆர்மோனியத்தின் வரலாறே மிதியைக் கழற்றிவிட்டதிலிருந்து தொடங்குகிறது. வாசிப்பவரின் உடம்பு உட்காரும் விதத்துக்கு ஏற்ப வாத்தியம் மாற வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை.

ஆனாலும் நாடக மேடை மட்டும் கால்பெட்டியை விடவில்லை. சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துக் கம்பெனி நாடகத்தில் ஆர்மோனியக்காரர் வெறும் பக்கவாத்தியக்காரர் அல்லர். அவர் நடிகருக்குச் சுருதி கொடுக்க வேண்டும், பாட்டை எடுத்துக் கொடுக்க வேண்டும், பின்பாட்டுப் பாட வேண்டும், காட்சி மாறும் இடைவெளியை நிரப்ப வேண்டும். எஸ்.ஜி. கிட்டப்பாவின் நாடகங்களில் அவருடைய அண்ணன் காசி ஐயர் ஆர்மோனியம் வாசித்தார். ஒலிபெருக்கி பரவாத நாளில், உச்சக் கட்டையில் பாடும் குரலுக்கு ஈடுகொடுத்து விடிய விடிய ஒலிக்கும் நாதம் வேண்டும். காற்றடிக்கும் வேலையைக் கால்கள் ஏற்றுக்கொண்டால் இரண்டு கைகளும் கட்டைகளுக்குக் கிடைக்கின்றன. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்வதால் பாடவும் மூச்சு கிடைக்கிறது. அதே மிதி, தரையில் அமரும் பஜனைக்குத் தேவையில்லை. மேடையோரத்தில் அமரும் நாடகக்காரருக்கு இன்றியமையாதது. மிதியின் மதிப்பை அது செய்யும் வேலையே நிர்ணயிக்கிறது என்பதை இந்த இரண்டு நிலைகளும் சேர்ந்து காட்டுகின்றன.

இந்த வாத்தியத்தைப் பேணுவதில் நிறுவனங்களின் கை குறைவாக இருந்ததற்கும் வரலாற்றுக் காரணம் உண்டு. 1940 மார்ச்சில் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தைத் தன் நிலையங்களிலிருந்து விலக்கியது. கமகத்துக்கு இடம் தராத வாத்தியம், சமப்படுத்திய சுருதி கொண்ட வாத்தியம் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். லயனல் ஃபீல்டன் அப்போது வானொலியின் தலைமைப் பொறுப்பில் இருந்தார்; தாகூரும் இந்த விலக்கை வரவேற்றார். 1971இல்தான் அந்தத் தடை தளரத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் வானொலியின் ஏற்பு இல்லாமல் ஆர்மோனியம் நாடகக் கொட்டகையிலும் தேவாலயத்திலும் பஜனை மடத்திலும் வாழ்ந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் கிடைத்த கல்விக்கூட மரியாதை அதற்குக் கிடைக்கவில்லை. அதைச் செப்பனிடும் அறிவு வாசித்தவர்களிடமும் தச்சர்களிடமும் வாய்மொழியாகவே தங்கிவிட்டது. எது மாற்றத்தக்கது, எது கூடாது என்று எழுதப்பட்ட நெறி நம்மிடம் இல்லாததற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று கருதுகிறேன்.

கால் ஆர்மோனியத்தின் கீழ்ப்பகுதியைத் திறந்து பார்த்தால் விஷயம் தெளிவாகும். ஒவ்வொரு மிதிப்பலகையும் ஒரு முனையில் கீலால் பிணைக்கப்பட்டிருக்கும். மறுமுனையிலிருந்து கெட்டியான நாடா ஒன்று துருத்திக்குப் போகும். பலகையை மிதித்தால் நாடா இழுக்கிறது, துருத்தி வேலை செய்கிறது. காலைத் தளர்த்தினால் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்குத் தள்ளுகிறது. இரண்டு கால்களும் மாறி மாறி மிதிக்கும்போது, உள்ளே இருக்கும் சேமிப்பறை காற்றைச் சமன்படுத்துகிறது. முதலில் அறுவது நாடா. அடுத்துத் தளர்வது கீல். பிறகு வலுவிழப்பது ஸ்பிரிங். துருத்தியின் மடிப்புகளில் ஒட்டிய துணியும் தோலும் ஈரத்தாலும் பூச்சியாலும் பாழாகும். இவை நான்கும் செய்தவரே தேய்ந்துபோகும் என்று அறிந்து வைத்தவை. ஆணியும் கீலும் போட்டுக் கழற்றும்படி வைத்ததே அதற்கு அத்தாட்சி. அதே அளவு அகலமும் வலுவும் உள்ள நாடாவை மாற்றினால் நாதத்தில் எந்தக் குறையும் நேராது. மிதிப்பலகையின் சாய்வை ஒருவருடைய பாதத்துக்கு ஏற்பச் சற்று உயர்த்துவதும் அப்படித்தான்.

ஆனால் ஸ்பிரிங்கில் கவனம் வேண்டும். பிரெஞ்சு மரபில் வந்த நல்ல ஆர்மோனியங்களில் ‘எக்ஸ்பிரஷன்’ என்ற குமிழ் உண்டு. அதை இழுத்தால் சேமிப்பறை விலகிக்கொள்ள, காலின் அழுத்தம் நேராக ரீடுகளுக்குப் போகும். அப்போது கால் மெல்ல அழுத்தினால் நாதம் மெலியும், ஊன்றினால் பெருகும். பாடகர் மூச்சை அடக்கி விடுவதுபோல வாசிப்பவர் காலை அடக்கி விடுகிறார். அங்கே மிகக் கடினமான ஸ்பிரிங்கைப் போட்டால் மிதி திரும்பி வருமே தவிர, அந்த நுட்பம் திரும்பி வராது. ஆகவே மிதியை மாற்றலாம் என்பதற்கு எதையும் எப்படியும் மாற்றலாம் என்று பொருளில்லை. பழைய ஸ்பிரிங் எவ்வளவு எதிர்ப்புக் கொடுத்ததோ அதையே புதியதும் கொடுக்கிறதா என்று சோதித்த பிறகே வேலை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.

இதே பெட்டிக்குள் நாம் கவலைப்படாமல் செய்யும் ஒரு காரியத்தையும் இதனோடு ஒப்பிட வேண்டும். ரீடு என்பது ஒரு முனை பொருத்தப்பட்டு மறுமுனை காற்றில் அதிரும் பித்தளை நாக்கு. அதன் நுனியைச் சுரண்டினால் சுருதி ஏறும். அடியைச் சுரண்டினால் இறங்கும். சுருதி சேர்ப்பதற்காகச் சுரண்டும் ஒவ்வொரு முறையும் உலோகம் சற்றுக் குறைகிறது. குறைந்த உலோகம் திரும்ப வராது. பலமுறை சுரண்டப்பட்ட ரீடு மெலிந்து, ஒருநாள் வாசிக்கும்போதே முறியும். மிதியை மாற்றினால் பழமை போய்விடும் என்று அஞ்சுகிறவர்கள், ஒரு பாடகரின் வசதிக்காகப் பெட்டி முழுவதையும் வேறு சுருதிக்குச் சுரண்டச் சொல்வதைச் சாதாரணப் பராமரிப்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். உண்மையில் வாத்தியத்தின் குரலை அழிப்பது இரண்டாவது காரியம். கண்ணுக்குத் தெரியும் மாற்றம் பெரிதாகத் தோன்றுகிறது, கண்ணுக்குத் தெரியாத மாற்றம் சிறிதாகத் தோன்றுகிறது. இந்தக் கணக்கைத் தலைகீழாக்க வேண்டும்.

பெருவெம்பின் பட்டறை மரபு இந்தக் கணக்கைச் சரியாக வைத்திருக்கிறது. அங்கே கடச்சிக்கொல்லர் குடும்பங்கள் வழிவழியாகத் தோல்வாத்திய வேலை செய்கின்றன. பாலக்காட்டு மத்தளத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. மிருதங்கத்தின் உடல் பலாமரத்தைக் குடைந்து செய்த கட்டை. அதன் இரு பக்கமும் வலந்தலையும் தொப்பியும். வலந்தலையின் நடுவில் சோறும் கிட்டப் பொடியும் சேர்த்துப் பூசி உலர்த்திய கரணை. இரண்டையும் எருமைத்தோல் வார் இழுத்துப் பிடிக்கிறது. அடிக்க அடிக்கக் கரணை உதிரும், தோல் தளரும், மூட்டு எனப்படும் தோல்முகத்தையே மாற்ற வேண்டிவரும். தொடர்ந்து கச்சேரி செய்கிறவர் இந்த மாற்றத்தைத் திரும்பத் திரும்பச் செய்துகொள்கிறார். ஆனால் கட்டை தலைமுறை தாண்டி நிற்கிறது. மூட்டு மாற்றிய மிருதங்கத்தைப் பார்த்து இது பழைய மிருதங்கம் இல்லை என்று யாரும் சொல்வதில்லை. எது நிலைப்பது, எது தேய்ந்து மாறுவது என்ற பாகுபாடு தோல்வாத்தியக்காரர்களிடம் தெளிவாக இருக்கிறது. கால் ஆர்மோனியத்துக்கும் மற்ற மிதிவாத்தியங்களுக்கும் இதே பாகுபாட்டை நீட்டுவதுதான் நாம் செய்ய வேண்டியது.

இந்தப் பாகுபாட்டைக் கடுமையாகச் சோதிக்கும் வாத்தியம் வெளிநாட்டில் இருக்கிறது: அமெரிக்காவின் பெடல் ஸ்டீல் கிட்டார். ஆர்மோனியத்தில் கால் காற்றைத் தருகிறது. பெடல் ஸ்டீலில் கால் சுரத்தையே மாற்றுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹவாய்த் தீவைச் சேர்ந்த ஜோசப் கெக்குக்கு கிட்டார் தந்தியின் மேல் இரும்புத் துண்டை வழுக்கி வாசிக்கும் முறையைப் பரப்பினார். அதிலிருந்து மேசை போல நிறுத்தி வாசிக்கும் மின் கிட்டார் வந்தது, பிறகு அதற்குக் கால்மிதிகள் வந்தன. 1954இல் வெளியான வெப் பியர்ஸின் ‘ஸ்லோலி’ என்ற பாட்டில், பட் ஐசக்ஸ் ஒலித்துக்கொண்டிருக்கும் சுரக்கூட்டின் நடுவிலேயே மிதியை அழுத்தி, சில தந்திகளை மட்டும் ஏற்றினார். அந்த ஒலிதான் பெடல் ஸ்டீலின் அடையாளமாயிற்று. நம் இசைமொழியில் சொன்னால், ச-க-ப ஒலிக்கும் மூன்று தந்திகளில் ச அசையாமல் நிற்க, க சுத்த மத்தியமமாகவும் ப சதுச்ருதி தைவதமாகவும் வழுக்கி ஏறி, ச-ம-த பிறக்கிறது. இடக்கையிலிருக்கும் இரும்புத் துண்டு இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏறியது காலால்.

பத்துத் தந்திகள் கொண்ட, நாஷ்வில் வழக்கத்தில் நிலைத்த அமைப்பில் மூன்று மிதிகள் உண்டு. ஏ என்ற மிதி ப-வைத் தைவதமாக்குகிறது. பி என்ற மிதி க-வை மத்தியமமாக்குகிறது. சி என்ற மிதி ச-வைச் சதுச்ருதி ரிஷபமாகவும் ப-வைத் தைவதமாகவும் ஒருசேர ஏற்றுகிறது. பெடல் ஸ்டீல் கலைஞர் பட்டி எமன்ஸ் இடமிருந்து வலமாக ஏ, பி, சி என்று வைத்துக்கொண்டார். அவர் காலத்தவரான ஜிம்மி டே சி, பி, ஏ என்று வைத்துக்கொண்டார். இன்றுவரை வாசிப்பவர்கள் இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகிறார்கள். ஒரு வழியில் பழகியவர் கைக்கு மறுவழியில் அமைத்த பழைய கிட்டார் ஒன்று வந்தால், மிதியை இடம் மாற்றலாமா என்ற கேள்வி அங்கேதான் எழுகிறது. நடுவிலுள்ள பி அசைய வேண்டியதில்லை. முதலாவதும் மூன்றாவதும் மட்டுமே இடம் மாற வேண்டும். பார்வைக்குச் சின்ன வேலை.

அடியில் குனிந்து பார்த்தால் அது அவ்வளவு சின்னதல்ல. மிதியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி மேலேறி, கிட்டாரின் அடிவயிற்றில் குறுக்கே கிடக்கும் தண்டு ஒன்றைச் சுழற்றுகிறது. தண்டில் பொருத்திய நெம்புகைகள் நீளவாட்டில் ஓடும் இழுகம்பிகளை அசைக்கின்றன. அவை தந்தியின் முனையைப் பிடித்திருக்கும் உலோக விரல்களைத் திருப்புகின்றன. மிதியை மாற்றுவது என்றால் நெம்புகைகளை ஒரு தண்டிலிருந்து இன்னொரு தண்டுக்குக் கொண்டுபோய், இழுகம்பிகளைப் புதிதாகச் சீர்செய்வது. அதோடு முடியவில்லை. வாசிப்பவரின் இடது முழங்காலின் இருபுறமும் நெம்புகோல்கள் தொங்குகின்றன. ஒன்று ச-வைச் சுத்த ரிஷபமாக ஏற்றுகிறது, இன்னொன்று காகலி நிஷாதமாக இறக்குகிறது. ஏ மிதியையும் ச-வை ஏற்றும் நெம்புகோலையும் சேர்த்தே அடிக்கடி பயன்படுத்துவார்கள். எமன்ஸ் முறையில் பாதம் ஏ மிதிக்கு நகரும்போது முழங்கால் இயல்பாக இடப்பக்கம் சாய்கிறது. அதனால் ஏற்றும் நெம்புகோல் இடப்பக்கம் இருக்கிறது. டே முறையில் பாதம் வலப்பக்கம் நகர்கிறது. நெம்புகோலும் வலப்பக்கம் வரவேண்டும். மிதியை மட்டும் மாற்றி நெம்புகோலை விட்டுவிட்டால், பாதம் ஒருபக்கமும் முழங்கால் மறுபக்கமும் இழுக்கும். மாற்றுவதானால் முழுமையாக மாற்ற வேண்டும். அரைகுறை மாற்றமே வாத்தியத்தைக் கெடுக்கிறது என்பதற்கு இது தெளிவான உதாரணம்.

இங்கே ஒரு தொழில்நுட்ப ஆட்சேபம் எழும். எமன்ஸ் கம்பெனி 1960களில் செய்த ‘புஷ்-புல்’ வகைக் கிட்டார்களின் நாதம் தனித்தன்மை உடையது என்று வாசிப்பவர்கள் போற்றுகிறார்கள். அதற்குக் காரணம் விரல்கள் உடலோடு அழுந்தி நிற்கும் விதம் என்பது பலருடைய கருத்து. கம்பிகளைக் கலைத்தால் அந்த நாதம் கெடாதா? கெடாதபடி செய்ய முடியும் என்பதே விடை. மாற்றம் குறுக்குத் தண்டோடும் நெம்புகையோடும் நிற்க வேண்டும். தந்தியின் முனையைத் தாங்கும் விரல்களையும் அவை அமரும் இடத்தையும் தொடக்கூடாது. மரத்தில் புதுத் துளை போடாமல், இருக்கும் துளைகளையே பயன்படுத்த வேண்டும். ரீடைத் தொடாதே, மிதியை மாற்று என்று ஆர்மோனியத்தில் சொன்னதும் இதுவே. கட்டையைத் தொடாதே, மூட்டை மாற்று என்று பெருவெம்பு சொல்வதும் இதுவே. மூன்று வாத்தியங்களிலும் நிலைத்து நிற்கும் இடம் ஒன்று, தேய்ந்து மாறும் இடம் வேறொன்று.

பெடல் ஸ்டீலின் வரலாறும் இந்த முடிவுக்கே துணை நிற்கிறது. ஐசக்ஸ் ஒரே மிதியில் சேர்த்து வைத்திருந்த இரண்டு ஏற்றங்களை எமன்ஸ்தான் பிரித்து இரண்டு மிதிகளாக்கினார். டே அதே பிரிப்பைச் செய்து வரிசையை மாற்றிக்கொண்டார். ஷாட் ஜாக்சனும் எமன்ஸும் தங்கள் பெயர்களைச் சேர்த்து ‘ஷோ-பட்’ என்று தொடங்கிய பட்டறையின் தொடக்க வேலைகளில், மிதி இல்லாத கிட்டார்களுக்கு மிதி பொருத்திக் கொடுத்ததும் அடங்கும். முழங்கால் நெம்புகோல்கள் பின்னால் சேர்ந்தவை. இந்த வாத்தியத்தைப் படைத்தவர்களே ஓயாமல் மிதியை மாற்றியவர்கள். அவர்கள் ஒருநாள் வைத்துவிட்டுப் போன வரிசையை மட்டும் மாறாத மூலம் என்று கொள்வது அவர்கள் வேலை செய்த முறைக்கே மாறானது.

நம் நாட்டுக்கு ஹவாய்க் கிட்டார் வந்த கதையும் இதற்கு ஒப்பாகிறது. ஹவாயைச் சேர்ந்த டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார், கற்பித்தார். பிறகு பிரிஜ் பூஷண் காப்ரா அதை இந்துஸ்தானி மேடைக்குக் கொண்டுவந்தார். சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராசியாவோடு அவர் வாசித்த ‘கால் ஆஃப் தி வேலி’ 1967இல் வெளியானது. விஸ்வமோகன் பட் கூடுதல் தந்திகள் சேர்த்து மோகன வீணையை அமைத்தார். ரை கூடரோடு அவர் வாசித்த இசைத்தட்டு 1994இல் கிராமி விருது பெற்றது. இவர்களில் யாரும் மிதியைத் தேடவில்லை. சுரக்கூட்டு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் தேவை ராக இசைக்கு இல்லை. கமகத்துக்கு வழுக்கும் கையே போதும். தென்னாட்டில் கோட்டுவாத்தியம் பல தலைமுறைகளாக அதை நிரூபித்திருக்கிறது. அமெரிக்கர் மிதி சேர்த்தார்கள், நம்மவர் சிகாரி, தரஃப் என்னும் கூடுதல் தந்திகளைச் சேர்த்தார்கள். இரு தரப்பும் தங்கள் இசைக்குத் தேவையானதைக் கிட்டாரில் பொருத்திக்கொண்டார்கள். இரு தரப்பும் தந்தியின் மேல் இரும்பு வழுக்கும் அடிப்படையைக் காப்பாற்றினார்கள்.

இனி மறுப்புகளைப் பார்க்கலாம். பழம்பொருளின் மதிப்பு அதன் மாறாத நிலையில் இருக்கிறது என்பது முதல் மறுப்பு. அருங்காட்சியகத்தில் வைக்கும் வாத்தியத்துக்கு இது பொருந்தும். அங்கே அது சாட்சிப் பொருள். மேடையில் ஒலிக்க வேண்டிய வாத்தியத்துக்கு இதை அப்படியே பொருத்தினால், மதிப்புமிக்க பழைய வயலின்களில் அநேகமாக எதுவும் மிஞ்சாது. ஸ்ட்ராடிவாரி செய்த வயலின்களில் பெரும்பாலானவற்றுக்குக் கழுத்தும் உள்தாங்கியும் பிற்காலத்தில் மாற்றப்பட்டவை. சுருதி உயர்ந்தபோது, பெரிய அரங்குகள் வந்தபோது அந்த மாற்றம் தேவைப்பட்டது. இன்றும் அவை ஸ்ட்ராடிவாரி வயலின்களே. ஆனால் இந்த வரலாற்றில் ஒரு பாடமும் உண்டு. கழற்றிய கழுத்துகளில் பெரும்பகுதி தொலைந்துபோயிற்று. பழைய அமைப்பில் அவை எப்படி ஒலித்தன என்பதை இருபதாம் நூற்றாண்டில் எஞ்சிய சில சான்றுகளைக் கொண்டு பாடுபட்டு மீட்க வேண்டியிருந்தது. மாற்றியது தவறில்லை. கழற்றியதைக் காப்பாற்றாமல், அளவுகளை எழுதிவைக்காமல் விட்டதே இழப்பு.

வாசிப்பவர்தான் வாத்தியத்துக்கு ஏற்பப் பழக வேண்டும் என்பது இரண்டாம் மறுப்பு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்ற பழமொழி இந்தத் தரப்புக்கு எப்போதும் கைகொடுக்கும். பயிற்சியின் இடத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் பயிற்சி எங்கே சேர்கிறது என்று பார்க்க வேண்டும். பல ஆண்டு உழைப்பால் கணுக்காலில் படிந்த பழக்கத்தை அழித்து எதிர்த்திசையில் மறுபடி எழுதச் சொல்வது, இரண்டு நெம்புகைகளை நகர்த்துவதைவிடப் பல மடங்கு பெரிய சேதம். வயதில் முழங்கால் தேய்ந்தவருக்கும், ஒரு காலில் வலுக் குறைந்தவருக்கும் இந்த அறிவுரை இசையையே விட்டுவிடச் சொல்வதாகும். கால் ஆர்மோனியத்துக்கு மோட்டார் ஊதி பொருத்தும் வழக்கத்தையும் இதே அளவுகோலால் பார்க்கிறேன். அது ஒரே சீராகக் காற்றடிக்கும். காலின் ஏற்ற இறக்கம் போய்விடும். மிதிக்க முடிந்தவருக்கு அது தேவையற்ற இழப்பு. மிதிக்க முடியாதவருக்கு அது வாழ்வு. மிதியைப் பிடுங்காமல் பக்கத்தில் சேர்த்து வைத்தால் இருவருக்கும் அதே பெட்டி உதவும்.

இன்று மிதி, நாளை கட்டை, மறுநாள் ரீடு என்று போனால் எல்லை எங்கே என்பது மூன்றாம் மறுப்பு. இதுதான் வலுவானது. எல்லையை வயதை வைத்தோ விலையை வைத்தோ வகுக்க முடியாது. வேலையை வைத்து வகுக்கலாம். நாதம் பிறக்கும் உறுப்பு, அதைத் தாங்கும் உடல் ஆகிய இரண்டும் காக்கப்பட வேண்டியவை: ஆர்மோனியத்தில் ரீடும் ரீடுப் பலகையும் மரக்கூடும், மிருதங்கத்தில், தோல் தேய்ந்து மாறுவது என்பதால், கட்டை, பெடல் ஸ்டீலில் விரல்தொகுதியும் உடலும். மற்றவை வாசிப்பவருக்கும் வாத்தியத்துக்கும் பொதுவானவை. மிருதங்கத்தில் தோல் வாருக்குப் பதில் ஆணியும் மரையும் கொண்டு இழுக்கும் அமைப்பு வந்தபோது, கனம் கூடுகிறது, நாதம் மாறுகிறது என்று பலர் குறை கண்டார்கள். வார் பிடிக்கும் கைவேலைக்கு வரும் இழப்பும் உண்மையானது. ஆனாலும் கட்டை குலையாதவரை மறுபடி வாருக்குத் திரும்பும் வழி திறந்தே இருக்கிறது. திரும்பும் வழி இருக்கும்வரை, பிழையான முடிவுகூட நிரந்தர இழப்பாவதில்லை.

இந்த நெறியை நடைமுறையாக்கப் பெரிய பணம் தேவையில்லை. மிதியை மாற்றுவதற்கு முன் பழைய அமைப்பைப் பல கோணங்களில் படமெடுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் நீளம், நாடாவின் அகலம், நெம்புகையின் இடம் ஆகியவற்றை அளந்து எழுத வேண்டும். கழற்றிய உறுப்பை, உடைந்ததானாலும், பையிலிட்டுக் கட்டி வாத்தியத்தோடே வைக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் சரியான நகல் செய்ய முடியும். என்ன செய்யப்பட்டது, எந்தத் தேதியில், யார் கையால் என்பதை மூடியின் உட்புறத்தில் ஒரு தாளில் எழுதி ஒட்ட வேண்டும். செய்த கைவினைஞரின் பெயர் அதில் கட்டாயம் இருக்க வேண்டும். வாசித்தவரின் பெயரை நினைவில் வைக்கும் நாம், வாத்தியத்தை வாசிக்கும் நிலையில் வைத்திருந்தவரின் பெயரை மறந்தே வந்திருக்கிறோம். தோலையும் மரத்தையும் தொட்டு உழைத்தவர்களுக்குச் சாதியின் பெயரால் மறுக்கப்பட்ட மரியாதையும் இந்த மறதியில் அடங்கியிருக்கிறது.

பாலக்காட்டில் செம்பை நினைவு அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, திருச்சூரில் கேரள சங்கீத நாடக அகாதமி இருக்கிறது, சென்னையில் தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் இருக்கிறது. இந்த மூன்றும் எல்லையின் இரு பக்கமும் எஞ்சியுள்ள கால் ஆர்மோனியங்களைக் கணக்கெடுக்க வேண்டும். பெருவெம்பின் கைவினைஞர்களையும் ஆர்மோனியம் செப்பனிடுகிறவர்களையும் ஆசிரியர்களாக அழைத்து, பழுதுபார்க்கும் முறையைப் பாடமாக்க வேண்டும். வீட்டுப் பரணில் கால்பெட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நாடா அறுந்தது என்பதற்காக அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போடாதீர்கள். மிதியை மாற்றுங்கள், பழைய மிதியைப் பத்திரப்படுத்துங்கள், வாசிக்கத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.